ஜமுனாமரத்தூரில் நான் மொழிபெயர்த்த லட்சணம்

எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்று போளூரே நம்பிய காலம் ஒன்று இருந்தது. அப்படி நம்பியவர்களில் நானும் ஒருவன்.

அப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கீழிருந்து பூச்சிமருந்து வாடை வரும். மேலே என் மாணவர்கள் தும்மிக்கொண்டே கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் படிப்பார்கள். வாசலில் என் படம் போட்ட போர்டு. கையைக் கட்டிக்கொண்டு தொடுவானத்தைப் பார்ப்பதுபோல் நிற்பேன். (எதிரே இருந்தது டயர் பஞ்சர் கடை.)

ஒரு நாள் ஜமுனாமரத்தூரிலிருந்து தனசேகர் என்பவர் போன் செய்தார். ஜவ்வாது மலையில் நடக்கும் ஒரு திட்டத்துக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். சில வெளிநாட்டு அமைப்புகள் சேர்ந்து நடத்திய திட்டம் அது. ஊருக்கு ஒரு பெண்ணிடம் ஒலிப்பதிவுக் கருவி கொடுத்திருந்தார்கள். தங்கள் ஊரில் நடப்பதை, தங்களுக்குத் தோன்றுவதை அவர்கள் சொந்தக் குரலில் பதிவு செய்து தருவார்கள். அலுவலகத்தில் அதைச் சரிசெய்து வாரச் சந்தையில் ஒலிபெருக்கியில் போடுவார்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்புவார்கள். எல்லோரையும் சேர்த்துக்கொள்வது, வேறு வேறு பண்பாட்டு மக்கள் பேசிப் பழகுவது, பயமில்லாமல் கருத்தைச் சொல்வது, இதெல்லாம் நோக்கம். இப்போது வெளிநாட்டு விருந்தினர்கள் அந்தப் பெண்களை நேரில் பார்த்துப் பேச வருகிறார்கள். ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

“மலைப் பேச்சு உங்களுக்குப் பழக்கமா சார்?” என்றார் தனசேகர்.

“எனக்கு அது இன்னொரு தாய்மொழி மாதிரி சார்,” என்றேன்.

(அதுவரை நான் மலைக்குப் போனது இரண்டே முறை. ஒரு முறை அருவி பார்க்க. இன்னொரு முறை பலாப்பழம் வாங்க. பலாப்பழக்காரரிடம் பேசியதும் நான் இல்லை, என் மாமனார்.)

மொழிபெயர்ப்போடு பேனர் வேலையையும் என்னிடமே விட்டார்கள். விருந்தினர்கள் இருவர். கென்யாவிலிருந்து வஞ்சிரு என்ற அம்மையார், அவர்தான் குழுத் தலைவர். பின்லாந்திலிருந்து ஐனோ. ஐனோவுக்குக் காது கேட்காது, அதனால் அவரோடு ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரும் வருகிறார். இந்த இருவரின் படத்தையும் பேனரில் போடச் சொன்னார்கள். இரண்டு படம் என்றால் ஒரு பக்கம் காலியாகத் தெரியுமே என்று மூன்றாவதாக என் படத்தையும் சேர்த்தேன். கீழே ‘சர்வதேச மொழிபெயர்ப்பாளர்’ என்று போட்டுக்கொண்டேன். நான் சொன்னதன்பேரில் பிளெக்ஸ் கடைக்காரர் என்னைக் கொஞ்சம் வெளுப்பாக்கினார். பிறகு இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கினார்.

வாசகமும் நான் எழுதியதுதான். ‘ஜவ்வாது மலை மக்கள் அனைவரும் உள்ளடக்கம்.’ எல்லோரும் இதில் சேர்த்தி என்று பொருள். கடைக்காரருக்கு அது ஒரு வரியில் அடங்கவில்லை. கடைசி வார்த்தையை இரண்டாக உடைத்தார். ‘உள்’ மேலேயே நின்றுவிட்டது. ‘அடக்கம்’ கீழே வந்தது. கீழே இடம் நிறைய இருந்ததால் அதைப் பெரிய சிவப்பு எழுத்தில் போட்டு, அழகுக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கும் சுற்றிலும் பூமாலையும் வைத்துவிட்டார். அந்த டிசைன் அவரிடம் தயாராக இருந்ததாம். எதற்காகத் தயாராக இருந்தது என்று நான் கேட்கவில்லை.

விருந்தினர்கள் வரும் நாளன்று காலை என் மைத்துனனின் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஜமுனாமரத்தூரில் கூட்டம் நடக்கும் மண்டபத்தின் வாசலில் பேனருக்குக் கீழே நின்றேன். சந்தைக்கு வந்தவர்கள் நின்று நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. புளி மூட்டையோடு வந்த ஒரு பெரியவர் மூட்டையை இறக்கிவைத்தார். தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மூன்று படங்களையும் பார்த்து உச்சுக்கொட்டினார்.

“இன்னா சார் ஆச்சு? ஜீப்பு கவுந்துட்சா?”

எனக்குப் புரியவில்லை.

“மூணு பேருமே சின்ன வயசு. அதுல ஒர்த்தரு அப்படியே உங்க ஜாடை. தம்பிங்களா?”

அப்போதுதான் திரும்பிப் பேனரைச் சரியாகப் பார்த்தேன். பூமாலை, குத்துவிளக்கு, மூன்று முகங்கள், கீழே சிவப்பில் ‘அடக்கம்’.

“நான்தாங்க அது,” என்றேன்.

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. வஞ்சிருவும் ஐனோவும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். பெரியவர் ஓரடி பின்வாங்கி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். அதற்குமேல் எதையும் விசாரிக்க அவர் விரும்பவில்லை.

“இது என்ன எழுதியிருக்கிறது?” என்று வஞ்சிரு ஆங்கிலத்தில் கேட்டார்.

“அனைவருக்கும் நல்வரவு,” என்றேன். அன்றைய என் முதல் மொழிபெயர்ப்பு அது. மீதியும் அந்த லட்சணத்தில்தான் போனது.

உள்ளே முப்பது நாற்பது பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தனசேகர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். அன்று மட்டும் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

“சார், இவங்க வந்து பார்த்துட்டுப் போனாத்தான் அடுத்த வருஷம் திட்டம் நடக்கும். நம்ம ஜனங்க சில நேரம் பட்டுனு எதனா சொல்லிடுவாங்க. நீங்க கொஞ்சம் பதமா எடுத்துச் சொல்லுங்க.”

“கவலைப்படாதீங்க,” என்றேன். (அவர் கேட்டது பதம். நான் கொடுத்தது என்ன என்பதை இனிமேல் பார்ப்பீர்கள்.)

முதலில் எழுந்தவர் வெள்ளையம்மா. நாற்பது வயதிருக்கும். மலைச்சரிவில் சாமை விதைப்பவர், அவர் ஊரின் ஒலிப்பதிவுக் கருவி அவரிடம்தான் இருந்தது. பக்கத்தில் அவர் தங்கை பொன்னி, மடியில் ஒரு பெண் குழந்தை. பொன்னிக்கும் காது கேட்காது, பேச்சும் வராது.

வெள்ளையம்மா விரலை நீட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

“போன மழைக்கு முந்தின மழையில என் தங்கச்சிக்கு வலி கண்டுச்சு. எங்க ஊருக்கு ஜீப்பு வராது. தூளி கட்டி, மூங்கில்ல கோத்து, நாலு பேரு தூக்கிக்னு எறங்குனோம். பாதி வழியிலயே புள்ள பொறந்துட்சு. இத நான் அப்படியே அந்த மெசின்ல சொன்னேன். சந்தையில நின்னு காத கூர்மையா வெச்சிக்கினு கேக்கறேன், இன்னா வந்துது தெரியுமா? மெசின் ஓடுதான்னு பாக்கறதுக்கு ஒரு பாட்டு மொணவுனேன். அது மட்டும் வந்துது. நான் பாடறது நல்லா இருக்காதுன்னு எனக்கே தெரியும். எங்க பாட்டு வேணும், எங்க பேச்சு வேணாமா? பின்ன எதுக்கு எங்களாண்ட மெசினக் குடுத்தீங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தனசேகர் கண்ணாலேயே கும்பிட்டார். எனக்குத் தூளிக்கு ஆங்கிலம் தெரியவில்லை. வலி கண்டது என்பதைக் கடந்த காலத்தில் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. பாதி பயம், பாதி அறியாமை. இரண்டும் சேர்ந்து என் வாயைத் திறந்தன.

“ஷி சேஸ் தேங்க் யூ,” என்றேன்.

ஐனோவின் சைகை மொழிபெயர்ப்பாளர் சற்றுக் காத்திருந்தார், இன்னும் வரும் என்று. வரவில்லை. தன் கையை மோவாயிலிருந்து முன்னால் ஒரு முறை கொண்டுவந்தார். நன்றி. அவ்வளவுதான்.

அடுத்து லட்சுமி என்ற பெண் எழுந்தார். அவர் ஊர் புதூர்நாடு பக்கம். “எங்க ஊர்ல சரியாப் பேசறவங்க ஆருமில்லன்னு எங்களுக்கு மெசினே குடுக்கல. நாங்க பேசறது சரியில்லன்னு முடிவு பண்ணது யாரு?” என்று கேட்டார்.

“ஷி ஆல்சோ சேஸ் தேங்க் யூ.”

கை மோவாயிலிருந்து முன்னால் வந்தது.

மூன்றாவது மரியபுஷ்பம். அடிவாரத்து ஊர்க்காரர். “கூட்டத்த எப்பவும் ஞாயித்துக்கிழமை காலையிலயே வெக்கறீங்க. நாங்க கோயிலுக்குப் போவ வேணாமா? எல்லாரையும் சேத்துக்கறோம்னு சொல்லிட்டு, எங்கள வர முடியாத நேரத்துல கூப்புடறீங்க.” எனக்கே ஞாயிறு பூசை உண்டு. நியாயம் அவர் பக்கம்தான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“ஷி சேஸ் தேங்க் யூ வெரி மச்,” என்றேன்.

அந்தக் கை மூன்றாவது முறையாக மோவாயிலிருந்து கிளம்பியது. ‘வெரி மச்’சுக்காக இந்த முறை கொஞ்சம் அதிக தூரம் வந்தது.

அதை மண்டபத்தில் இரண்டு பேர் மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஐனோ. அவர் என் ஆங்கிலத்தைக் கேட்கவில்லை. (கொடுத்துவைத்தவர்.) பேசிய பெண்களின் முகத்தையும் கையையும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகங்களில் நன்றி எங்கேயும் இல்லை. இன்னொருவர் பொன்னி. பின்லாந்துக்காரர்களின் சைகை அவருக்குத் தெரியாது. ஆனால் தன் அக்கா அவ்வளவு நேரம் பேசியதற்கும் இந்த ஒரு கை அசைவுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்பது தெரிந்தது.

பொன்னி குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். நேராக நடந்துவந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். முதலில் வெள்ளையம்மாவை நடித்துக் காட்டினார். நீட்டிய விரல், சுருங்கிய புருவம், ஏறி இறங்கும் தோள், எல்லாம் நிறுத்தி நிதானமாக. அடுத்து என்னை நடித்தார். கோட்டுப் பொத்தானைத் தடவி, தலையைச் சாய்த்து, அசடு வழிய ஒரு சிரிப்பு. கடைசியில் மோவாயிலிருந்து கையை எடுத்து முன்னால் நீட்டினார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மண்டபத்தையே கேட்டார். அதற்கு இதுவா?

பெண்கள் சிரித்த சிரிப்பில் மண்டபத்துப் புறாக்கள் பறந்தன. என் சிரிப்பு இவ்வளவு அசடாக இருக்கும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

வெள்ளையம்மா மட்டும் சிரிக்கவில்லை. “சார், நான் பேசுனத நீங்க இங்கிலீஷ்ல இன்னான்னு சொன்னீங்க? அதக் கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க.”

தப்பிக்க வழியே இல்லை. “நன்றி சொல்றாங்கன்னு சொன்னேங்க.”

“அவ்ளோ நேரம் பேசுனதுக்குமா?”

“ஆமாங்க.”

“லட்சுமி பேசுனதுக்கு?”

“அதுக்கும் நன்றிதாங்க.”

“புஷ்பத்துக்கு?”

“அவங்களுக்கு, ரொம்ப நன்றின்னு.”

“ஆபீஸ்ல நாங்க இல்லாதப்போ வெட்டுனாங்க. நீங்க எங்களப் பக்கத்துல வெச்சிக்கினே வெட்டறீங்க,” என்றார். சத்தமே போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. இன்றைக்கும் அதை நினைத்தால் காது சுடுகிறது.

இதற்குள் பொன்னியும் ஐனோவும் எங்கள் யாரையும் எதிர்பார்க்காமல் பேச ஆரம்பித்திருந்தார்கள். பொன்னி தன் வயிற்றைக் காட்டினார். விரல்களால் மழையைப் பெய்யவைத்தார். இரண்டு தோள்களுக்கு நடுவே ஒரு மூங்கிலை நிறுத்தி, அதில் தொங்கும் துணிக்குள் தானே படுத்துக்கொண்டார். மல்லாந்த கண்களுக்கு மேலே கிளைகள் போயின. தூக்குகிறவர்களின் கால் வழுக்கியது. தோள் மாறியது. ஐனோ தன் நாற்காலியிலிருந்து இறங்கிப் பாயில் உட்கார்ந்துவிட்டார். அவர் தன் கைகளைத் தொட்டில்போல் வைத்து, கண்ணாலேயே கேட்டார். பொன்னி அக்காவின் மடியைச் சுட்டினார். குழந்தை அங்கே வெள்ளையம்மாவின் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தது. ஐனோ நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு வார்த்தைக்குக்கூட நான் தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தவன், மைத்துனன் கோட்டோடு இருவருக்கும் நடுவில் கம்பம்போல் நின்றேன்.

வஞ்சிரு என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, ஆனால் நட்பாகவும் இல்லை. “முதலிலிருந்து தொடங்கலாமா? இந்த முறை அவர்கள் சொல்வதை மட்டும்,” என்றார்.

தொடங்கினோம். வெள்ளையம்மா ஒரு வாக்கியம் சொல்லி, அதையே கைச்சாடையில் பொன்னிக்கும் காட்டிவிட்டு நிறுத்துவார். நான் ஆங்கிலத்தில் சொல்வேன். சைகை மொழிபெயர்ப்பாளர் கையால் சொல்வார். பொன்னி அந்தக் கையைப் பார்த்து, பிறகு ஐனோவைப் பார்ப்பார். ஐனோ தனக்குப் புரிந்ததை நடித்துக் காட்டுவார். சரியென்றால் பொன்னி தலையை ஆட்டுவார். அப்புறம்தான் அடுத்த வாக்கியம். தூளிக்கு வார்த்தை தெரியாதபோது தெரியாது என்றே சொன்னேன். வெள்ளையம்மா மேஜை விரிப்பை உருவி முடிச்சுப் போட்டுக் காட்டினார். “எங்கள் பக்கம் கட்டிலோடு தூக்குவார்கள்,” என்றார் வஞ்சிரு. அதைத் தமிழில் சொன்னதும் வெள்ளையம்மாவின் குரல் சற்று இறங்கியது. “அங்கயும் ஜீப்பு வராதா?” என்று கேட்டார்.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது அந்த வாக்கியம் வந்தது.

“இந்த சாரு பொய் சொன்னாரு. இதயும் சொல்லுங்க.”

நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். “மொழிபெயர்ப்பில் சில சிறு மாறுதல்கள் செய்யப்பட்டன என்கிறார்,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கை அசைந்தது. ஐனோ குழப்பத்தோடு எதையோ திருகிச் சரிசெய்வதுபோல் காட்டினார். பொன்னி உதட்டைப் பிதுக்கினார்.

“இது இல்லியாம் சார்,” என்றார் வெள்ளையம்மா.

மூச்சை இழுத்துக்கொண்டு, “நான் பொய் சொன்னேன்,” என்றேன், ஆங்கிலத்தில். சைகை மொழிபெயர்ப்பாளரின் கை சட்டென்று ஒரு முறை அசைந்து நின்றது. இவ்வளவு சின்னதாக இருக்கவே, மறுபடி வெட்டிவிட்டேன் என்று பொன்னி என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். பொய்க்குச் சைகை சின்னது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வேன்? கடைசியில் ஐனோதான் காப்பாற்றினார். என்னைச் சுட்டிக்காட்டி, தன் வாயிலிருந்து ஒரு பாம்பு நெளிந்து நெளிந்து வெளியே போவதுபோல் விரலால் காட்டினார். பொன்னிக்குப் பரம திருப்தி. கோட்டை விட்டுவிட்டு கைதட்டினார். மண்டபமே கைதட்டியது. என் வாழ்நாளில் என் ஆங்கிலத்துக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.

பிறகு வஞ்சிரு தனசேகரிடம் ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டார். தனசேகர் மறைக்கவில்லை. “குறையெல்லாம் வெளிய போனா திட்டத்த நிறுத்திடுவாங்களோன்னு பயந்துட்டேன் மேடம்,” என்றார். அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். வஞ்சிரு சொன்ன பதிலையும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். “பாட்டுக் கேட்க நாங்கள் இவ்வளவு தூரம் வரவில்லை. உங்கள் பாட்டு நன்றாக இருந்தாலும்கூட.”

“நல்லா இருக்காதுன்னு நான்தான் அப்பவே சொன்னனே,” என்றார் வெள்ளையம்மா.

அன்று பிற்பகலே ஒரு முடிவு எழுதப்பட்டது. பேசியவர் கேட்டுத் தலையசைக்காமல் ஒரு பதிவிலும் கைவைக்கக் கூடாது. லட்சுமியின் ஊருக்கும் கருவி போகும். கூட்டம் இனி சனிக்கிழமை. அடுத்ததாக, என்னை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. வேறு மொழிபெயர்ப்பாளரைப் பார்க்கலாம் என்று தனசேகர் தயங்கித் தயங்கிச் சொன்னார். கோட்டைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டேன். எந்தப் பேருந்தைப் பிடிக்கலாம் என்றும் யோசித்துவிட்டேன்.

“வேணாங்க,” என்றார் வெள்ளையம்மா. “புதுசா ஒர்த்தரு வந்தா அவருகிட்டயும் மொதல்ல இருந்து மல்லுக்கட்டணும். இவரு ஒரு தபா மாட்டிக்கினாரு. இனிமே பயந்துக்கினு ஒழுங்கா சொல்வாரு. இவரே இருக்கட்டும்.”

எனக்கு இதுவரை கிடைத்த நற்சான்றுகளில் இதைவிடப் பெரியது இல்லை. எம்.ஏ. சான்றிதழைக்கூட பீரோவில்தான் வைத்திருக்கிறேன். இதை வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அதன்பிறகு மாதத்துக்கு இரண்டு முறையாவது மலைக்குப் போகிறேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பை மூடிவிட்டேன், இப்போது முழுநேரமும் அவர்கள் பதிவுகளை ஆங்கிலமாக்கும் வேலைதான். வெள்ளையம்மா அந்தத் தூளிக் கதையைத் திரும்பவும் பதிவு செய்தார். சந்தையில் அது ஒலித்தபோது, பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நான் நேரில் பார்த்தேன். ரோடு வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதி வந்திருக்கிறது. ஜீப் இப்போது அவர்கள் ஊருக்குக் கீழே உள்ள ஓடைவரை ஏறுகிறது. மீதிப் பாதிக்காக வெள்ளையம்மா ஒவ்வொரு வாரமும் பதிவு செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார். அவற்றை ஆங்கிலத்தில் கொண்டுபோகிறவன் நான். பொன்னியிடம் இப்போது வீடியோ எடுக்கும் போன் இருக்கிறது. மலையிலும் அடிவாரத்திலும் காது கேளாதவர்கள் பத்துப் பதினைந்து பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஐனோவும் அவ்வப்போது வீடியோ அழைப்பில் வந்து எட்டிப்பார்ப்பார். அவர்களுக்குள் ஒரு பாஷையே உருவாகிவிட்டது. அதில் எனக்கும் ஒரு பெயர் உண்டு. வாயிலிருந்து நெளிந்து போகும் பாம்பு. சமீப காலமாக அதை அன்போடுதான் காட்டுகிறார்கள் என்று நம்புகிறேன்.

கதை என் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்காதீர்கள். தனசேகர் ஒரு முறை சாப்பிட வந்தார், அவ்வளவுதான். என் மனைவி எஸ்தர் கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய மறந்ததற்காக என்னைக் கால் மணி நேரம் விடாமல் திட்டுவாள். வேலூரிலிருந்து போனில் இருக்கும் மைத்துனன், “அக்கா இன்னா சொல்லுது மாமா?” என்று கேட்பான். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் ஓடிவந்து, “அம்மா நன்றி சொல்றாங்க மாமா,” என்பாள்.

ஒன்பதாவது படிக்கும் அவளுக்கு இந்த விஷயத்தில் என்னைவிடத் திறமை அதிகம். விடுமுறையில் என்னோடு மலைக்கு வந்து வந்து, பொன்னியின் பாஷையைச் சரளமாகப் பிடித்துக்கொண்டாள். போன வாரம் வீடியோ அழைப்பில் இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கைகள் பறந்தன. நடுவில் பொன்னி பக்கத்திலிருந்து அந்தப் பாம்பு இரண்டு மூன்று முறை நெளிந்ததைப் பார்த்தேன். கோட்டுப் பொத்தானைத் தடவுவதையும் பார்த்தேன். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“பொன்னி என்னைப் பத்தி என்னம்மா சொல்றாங்க?” என்று கேட்டேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, அச்சு அசலாக என்னைப்போலவே சிரித்தாள்.

“ஒண்ணுமில்லப்பா. உங்களுக்கு நன்றி சொல்றாங்க.”